கூப்பிட்டுப் பார்த்தீர்களா? பெயர் எண்கணித நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெயருக்கு எண் கூட்டிப் பலன் சொல்லும் எல்லோருக்கும் வணக்கம்.

என் பேத்தி பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. வீட்டில் அவள் 'பாப்பா'. ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மா பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'பெண் குழந்தை' என்று எழுதியிருக்கிறார்கள். உங்களில் ஒருவரிடம் வருகிற வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறான் என் மகன். கட்டணம் ஐயாயிரம். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், அப்பா அம்மா பெயர் எல்லாம் வாட்ஸ்அப்பில் போயாயிற்று. நானும் கூட வருகிறேன். அறைக்குள் உட்கார்ந்து பேசினால் மருமகள் சங்கடப்படுவாள் என்பதால் பேச வேண்டியதை இங்கேயே பேசிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்து நான்கு வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் 'பேரு என்ன?' என்பதோடு நிறுத்த மாட்டேன். 'ஏன் இந்தப் பேரு?' என்றும் கேட்பேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி, எனக்கு மட்டும் உள்ள கெட்ட பழக்கம். அதனால் உங்களில் பலரைவிடப் பெயர்க் கதைகள் அதிகம் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் பெயரை மடலின் அடியில் போடப்போவதில்லை. போட்டால் மடலைப் படிப்பதை விட்டுவிட்டு எழுத்துக்கு எண் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

உங்கள் தொழில் எனக்கு அறிமுகமானது 1990களின் கடைசியில். பள்ளிக்கூடம் திறந்து நாலைந்து மாதம் ஆனபின் ஒரு தகப்பனார் கையில் ஒரு தாளோடு வந்தார். மகள் மூன்றாம் வகுப்பு, பெயர் கவிதா.

"டீச்சர், பிள்ள பேர்ல கடைசியில ஒரு ஏ சேத்துக்கிடுங்க."

"ஏற்கெனவே 'தா' நெடில்தானய்யா, இன்னும் எவ்வளவு நீட்ட?"

"தமிழ்ல வேண்டாம் டீச்சர். இங்கிலீசுல மட்டும்."

அந்தப் பிள்ளை அப்போதுதான் ஏ பி சி டி எழுதிப் பழகிக்கொண்டிருந்தது. அதன் தலைவிதி அது இன்னும் முழுதாகப் படித்து முடிக்காத எழுத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாளில் உங்கள் அட்டவணை இருந்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் ஐந்துக்கும் ஒன்று. பி, கே, ஆர் மூன்றுக்கும் இரண்டு. இப்படியே எட்டு வரை போகும், ஒன்பது எந்த எழுத்துக்கும் கிடையாது. சாயங்காலம் பிள்ளைகள் போனபின் உட்கார்ந்து கூட்டினேன். கவிதாவுக்கு 20 வந்தது. இரண்டும் சுழியும் இரண்டு, சந்திரன். மனம் அலைபாயுமாம். கடைசியில் ஒரு ஏ போட்டால் 21, கூட்டினால் மூன்று, குரு. ஒரே ஒரு ஏ போய் நின்றதும் சந்திரன் எழுந்து குருவுக்கு இடம் விட்டுவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். கணக்கு வாத்தியார் புத்தி விடவில்லை. நாம் 'த'வுக்கு டி-யும் ஹெச்சும் போடுகிறோம், வடக்கே ஹெச் போடாமல் எழுதுகிறார்கள். ஹெச்சை எடுத்தால் 15, ஆறு, சுக்கிரன். ஆக அம்பாசமுத்திரத்துக் கவிதாவுக்குச் சந்திரன், போபால் கவிதாவுக்குச் சுக்கிரன். உங்களுக்குள்ளேயே இன்னொரு கட்சி இருக்கிறது, ஏ-யிலிருந்து வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டுத் திரும்பத் தொடங்குகிறவர்கள். அவர்கள் அட்டவணையில் அதே கவிதா, அதே எழுத்துகள், 27. கூட்டினால் ஒன்பது, செவ்வாய். ஒரு பிள்ளைக்கு எத்தனை கிரகம்!

பிறகு ஒரு நாள் 'தமிழ்' என்ற சொல்லையே கூட்டிப் பார்த்தேன். எல் போட்டு வழக்கம்போல் எழுதினால் 13, அதாவது நான்கு. உங்கள் கணக்கில் ராகு, ஆகாத எண். டி-க்குப் பின்னால் ஒரு ஹெச் சேர்த்து, ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் போட்டு எழுதினால் 27, ஒன்பது, பிரமாதம். வாயைத் திறந்து சொன்னால் இரண்டும் ஒரே சொல். உங்கள் தாளில் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது.

இது கல்தேயர் முறை, பாபிலோன் காலத்தது என்று உங்கள் விளம்பரங்களில் படிக்கிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் ஈரக் களிமண் பலகையில் ஆப்பெழுத்துக் குத்தியவர்கள். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தை அவர்கள் எங்கே கண்டார்கள்? ஐ-யிலிருந்து பிரிந்து ஜே ஒரு தனி எழுத்தாக நிலைத்தே ஏறத்தாழ நானூறு வருடம்தான் ஆகிறது. இந்த முறையை உலகமெங்கும் பரப்பியவர் கீரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் (1866–1936). அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் ஜான் வார்னர். பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தவர், அந்த மட்டில் தொழிலுக்கு விசுவாசமானவர்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தைக் கண்டு பயந்தது நீங்கள் மட்டும் இல்லை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்களில் எழுத்துகளை அமுத எழுத்து, நச்செழுத்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். புரவலன் மேல் பாடும் பாட்டின் முதல் சொல்லில் நஞ்சு விழக்கூடாது. அவன் பெயரின் முதல் எழுத்திலிருந்து எண்ணிப் பாலன், குமரன், அரசன், மூப்பு, மரணம் என்று தானம், அதாவது நிலை, பார்க்க வேண்டும். புலவர்களும் பயந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பயந்தது வாயால் சொல்லிக் காதால் கேட்கிற எழுத்துக்கு. பஞ்சாங்கத்தின் நட்சத்திர எழுத்தும் அப்படித்தான். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. இருபத்தேழு நட்சத்திரம், நாலு நாலு பாதம், நூற்றெட்டு எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங' வரும். ஙவில் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? 'ஙப் போல் வளை' என்று சொல்லி ஔவையாரே சமாளித்துக்கொண்டு போய்விட்டார். நாமும் அடுத்த பாதத்து எழுத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அதில் ஒரு நெகிழ்வு இருந்தது. யாரும் பெயர் மாற்றத்துக்காக அரசிதழுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை.

அரசிதழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தக் கிழவி புதுமையான பெயருக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பெயரைவிட விநோதம் எங்கே இருக்கிறது? என் முதல் வகுப்பில் இரண்டு இசக்கி, மூன்று சுடலை, ஒரு உச்சிமாகாளி, ஒரு சொரிமுத்து. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்த ஒரு ஆசிரியை முதல் நாள் வருகைப் பதிவு எடுத்துவிட்டு என்னிடம் வந்து, "சுடுகாட்டுப் பேரையா பிள்ளைக்கு வைப்பாங்க?" என்று கேட்டார். சுடலையைக் காக்கிறவன் எங்களுக்குக் குலசாமி, அவன் பெயரைத் தாங்கினவனை எந்தப் பேயும் அண்டாது என்று விளக்கினேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய், 'பிள்ளையைக் கொடு, உன் பேரை வைக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டு வருவார்கள். பிறந்தால் வாக்கு வாக்குதான். அடுத்த வருடம் அந்த ஆசிரியையே "ஏ சுடலை, அந்த மணியை அடிலே" என்று எங்கள் பேச்சில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூக்கன், மூக்காயி என்று பெயருள்ளவர்களுக்கு மூக்கு பெரிதாக இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். விஷயம் வேறு. அடுத்தடுத்துப் பிள்ளை பிறந்து தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததன் மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைப்பார்கள். ஊனப்பட்ட பிள்ளையை எமன் எடுக்க மாட்டான் என்று கணக்கு. குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்பன், குப்பம்மாள். பிச்சை எடுத்து வந்து வைத்தால் பிச்சை, பிச்சம்மாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் உண்டு. 'இது எங்க பிள்ள இல்ல, தவிட்டுக்கு வாங்கினது' என்று சாவையே ஏமாற்றுகிற வேலை. பெயர் எவ்வளவு மட்டமோ அவ்வளவு பாதுகாப்பு.

பெண் பிள்ளை விஷயத்துக்கு வந்தால் பேச்சு கசக்கும். 'போதும்பொண்ணு' என்று ஒரு பிள்ளை என்னிடம் படித்தது. கூப்பிடும்போதெல்லாம் ஊரே அதனிடம் போதும் போதும் என்று சொல்வதுபோல் இருக்கும். திருத்தணிப் பக்கத்தில் 'வேண்டாம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மராத்தியில் 'நகுஷா', வேண்டாதவள் என்று பொருள். சதாரா மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு 2011இல் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. கிராமத்துக்காரர்களின் முரட்டுத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நாங்கள் ஐந்து பெண்கள். நான்காவது அக்காவுக்கு மங்களம் என்று பெயர். கச்சேரி முடியும்போது பாடுவார்களே, அதே மங்களம்தான். சம்பூர்ணம் என்று வைப்பதும் இதே கதை. போதும்பொண்ணு என்பதைப் பட்டுச்சேலை கட்டிச் சொன்னால் சம்பூர்ணம். மங்களம் பாடிய பிறகு வந்து பிறந்தவள் நான். எனக்குப் பெயர் தேட யாருக்கும் தெம்பில்லை. எதிர்வீட்டில் குடியிருந்த டீச்சரின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். அவர் பெயரைச் சுமந்ததாலோ என்னவோ அவர் வேலைக்கே வந்து சேர்ந்தேன். இதில் எண் எதுவும் கிடையாது.

இன்னொரு வகைப் பெயரையும் சொல்ல வேண்டும். வயல் கூலிக்குப் போகும் ஒரு அப்பா, மகனைத் துரைராஜ் என்று சேர்க்க வந்தார். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என்ன எல்லாரும் ஏலேன்னுதான் கூப்பிடுதாவ டீச்சர். எம் பையன ஒருநாளாவது அவுக வாயால துரைன்னு கூப்பிடணும்லா." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவேட்டில் அந்தப் பெயரை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டுவோம் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டவர்களுக்கு, கூப்பிடுகிற வாயில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அந்தக் கூலிக்காரருக்கும் தெரிந்திருந்தது.

கொள்கைக்காக வைத்த பெயரும் கொஞ்சநஞ்சமா? 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பெரியார், பெயர் வைக்கச் சொல்லி நீட்டிய குழந்தைகளுக்கு ருஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் வைத்தார். 1953 மார்ச் முதல் தேதி பிறந்த பிள்ளைக்கு, நான்கு நாள் கழித்து இறந்துபோன சோவியத் தலைவரின் பெயரை வைத்தார் கலைஞர், ஸ்டாலின் என்று. மறைமலையடிகளோ வேதாசலம் என்ற தம் பெயரைத் தமிழாக்கியதோடு நிற்கவில்லை. மகன் திருஞானசம்பந்தத்தை 'அறிவுத்தொடர்பு' ஆக்கினார். திரிபுரசுந்தரி 'முந்நகரழகி' ஆனாள். வீட்டில் அவர்களை எப்படிச் சுருக்கிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு யோசனை உண்டு. நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார், அதுவும் வடமொழிதான், இருக்கட்டும். என் வகுப்புகளில் லெனின் இருந்தான், கென்னடி இருந்தான், இரண்டு ஜான்சிராணி ஒரே பெஞ்சில் சண்டை போட்டார்கள்.

எல்லாம் விநோதமான பெயர்கள்தான். சில மூடநம்பிக்கை, சில கொடுமை, சில வீம்பு. ஆனால் வைத்தவர்களை 'ஏன்' என்று கேட்டால் ஒரு ஆளோ, ஒரு கோயிலோ, ஒரு சாவோ, ஒரு கோபமோ பதிலாக வந்தது. பிள்ளை வளர்ந்து வந்து கேட்டாலும் சொல்ல வீட்டில் ஒரு கதை இருந்தது. உங்களிடம் வந்துபோன வீட்டில் அதே கேள்வியைக் கேட்டேன். "கூட்டினா அஞ்சு வருது டீச்சர்" என்றார்கள். ஐந்து என்ன செய்யும் என்று கேட்டேன். "புதனாம்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை.

நான் ஓய்வுபெறும் முன் கடைசியாகச் சேர்த்த வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். ரமேஷ், சுரேஷ் காலத்திலிருந்தே ஷகரத்துக்குப் பழகியிருந்தேன். இது வேறு வெள்ளம். ஷ, ஹ, ஜ, ஸ இல்லாத பெயர் ஒன்பதுதான். காலையில் வருகைப் பதிவு எடுத்தால் காக்கை விரட்டுகிறேனோ என்று சத்துணவு ஆயா எட்டிப் பார்ப்பார். ஒரு தாய் சொன்னாள்: "போன்ல தேடினோம் டீச்சர். 'ரி'ல ஆரம்பிக்கணும், கூட்டினா அஞ்சு வரணும், வேற யாருக்கும் இருக்கக்கூடாது." வேறு யாருக்கும் இருக்கக்கூடாது என்று சல்லடை போட்டு எடுத்த அந்தப் பெயரில் அடுத்த வருடம் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். சல்லடை ஒன்றாக இருந்தால் விழுவதும் ஒன்றாகத்தானே இருக்கும்? நிலா, இனியன், யாழினி, கவின் என்று நல்ல தமிழில் வைக்கிறவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள், சந்தோஷம். அவர்களும் கடைசியில் உங்களிடம் வந்து ஒரு என்-னோ ஒரு ஹெச்சோ கூட வாங்கிக்கொண்டு போகிறார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் குழந்தைக்குத் தங்க மோதிரம் என்று சென்னை மாநகராட்சி ஒரு சமயம் அதன் ஆஸ்பத்திரிகளில் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் பொன் கொடுத்தார்கள், நீங்கள் காசு வாங்குகிறீர்கள். கூட்டம் என்னவோ உங்களிடம்தான்.

உங்களிடம் நான் முக்கியமாகப் பேச வந்தது இலக்கணம். சிரிக்காதீர்கள். தமிழில் எட்டாம் வேற்றுமை என்று ஒன்று உண்டு, விளி. ஒருவரைக் கூப்பிடுவதற்கென்றே மொழியில் ஒரு தனி வேற்றுமை. முருகன் 'முருகா' ஆகிறான், செல்வி 'செல்வீ' ஆகிறாள், இசக்கி 'இசக்கீ' என்று நீள்கிறாள். ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்க்கிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிட்ட மொழி இது. கடைசி எழுத்து நீண்டு போய் அக்கரையைத் தொடும். ஷ் நீளாது. க் நீளாது. ருத்விக் என்று தாமிரபரணிக் கரையில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதித் தண்ணீரில் விழுந்துவிடும். அதனால்தான் எங்கள் ஆச்சிமார் ரமேஷை 'ரமேசு' ஆக்கி, கடைசியில் ஒரு உகரம் ஒட்டி, 'ரமேசூ' என்று நீட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் படிப்பு கிடையாது, காது உண்டு.

நீங்கள் கூட்டிச் சேர்க்கிற எழுத்து எதுவும் காதில் விழாது. இரண்டு ஏ, இரண்டு என், நடுவே ஊமையாக ஒரு ஹெச். பிள்ளையை ஆயுசு முழுக்க அதன் அம்மா கூப்பிடப்போகும் குரலில் உங்கள் உழைப்பு ஒரு துளிகூடக் கிடையாது. அது கையெழுத்திலும் அட்டையிலும் மட்டும் இருக்கிறது. அட்டையில்தான் வம்பும் இருக்கிறது.

கவிதாவின் மிச்சக் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் சேர்த்த ஏ-யை ஏழாம் வகுப்பில் வேறொரு நிபுணர் எடுக்கச் சொன்னார். அது போதாதென்று ஹெச்சையும் எடுக்கச் சொன்னார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து, பின்னால் வந்த ஆதாரில் வேறு ஒரு எழுத்து. பிள்ளை நர்சிங் முடித்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் எடுக்கப் போனால் மூன்று தாளில் மூன்று ஆட்கள் நிற்கிறார்கள். மூவரும் ஒருவரே என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதை மட்டும்தான் என்னால் எழுதித் தர முடியும், அது சட்டம். பிறகு அரசிதழில் விளம்பரம் கொடுத்தாள். இதுவரை இப்படி அழைக்கப்பட்ட நான் இனி இப்படி அழைக்கப்படுவேன் என்கிற பாணியில் இருக்கும் அந்த வாசகம். என்னிடம் காட்டினாள். இரண்டு பெயரையும் நான் வாய்விட்டுப் படித்தேன். கவிதா. கவிதா. அவளை யாரும் எந்தக் காலத்திலும் வேறு மாதிரி அழைத்ததே இல்லை. அரசிதழ் வந்து சேர்வதற்குள் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

இப்போது பிடி இன்னும் இறுகியிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் பதினைந்து வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது, பெயர் ஏறும் வரை. ஏறியபின் ஒரு எழுத்தை அசைக்க அலைச்சல்தான். அதனால் எங்கள் பாப்பாவுக்கு ஐந்து வயதாகும்போது, 'நேரம் சரியில்லை, ஒரு ஹெச் எடுங்கள்' என்று என் மகனுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். பதிவான பெயரில் கை வைப்பதில்லை என்று உங்கள் சங்கத்தில், அப்படி ஒன்று இருந்தால், முடிவெடுங்கள். எண்தான் வேண்டும் என்றால் நம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும் எண் போட்டு ஓர் அட்டவணை செய்யுங்கள். அதையும் நான் நம்பப் போவதில்லை. ஆனால் ழகரத்துக்கு ஒரே எண்ணாவது இருக்கும்.

என் மகன் படித்தவன், பாலம் கட்டுகிற இன்ஜினியர். ஏன் உங்களிடம் வருகிறான் என்று கேட்டுச் சண்டை போட்டேன். அவன் பேசவில்லை, மருமகள்தான் பேசினாள். "அத்தை, போன தடவை நாங்க ஒண்ணுமே பாக்கல." போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கினவளும் இவளும் ஒரே பயத்தில்தான் நிற்கிறார்கள். அவளுக்கு ஒரு படி தவிடும் ஒரு பக்கத்து வீட்டுக்காரியும் போதுமாயிருந்தது. இவளுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அதனால் நீங்கள் இருக்கிறீர்கள். இந்தப் பயத்தை வைத்து ஒரு கூட்டல் கணக்கு போடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவள் நீங்கள் எதைச் சொன்னாலும் சரி என்பாள். அவளிடம் குறைவாகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் பெயர் வைப்பது இப்படி: தொட்டிலில் போடும் நாளன்று பிள்ளையின் அத்தை குனிந்து காதில் மூன்று முறை பெயரைச் சொல்லுவாள். முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வரும், பழகாத பெயர் அல்லவா. மூன்றாவது தடவை அது அந்தப் பிள்ளையின் பெயராகிவிடும். உங்கள் அறைக்குப் போய் வந்த ஏழெட்டுக் குடும்பத்தைக் கேட்டுவிட்டேன். ஒருவர்கூடப் பெயரை வாய்விட்டுச் சொன்னதாகச் சொல்லவில்லை. ஒரு தாள், மூன்று பெயர், பக்கத்தில் எண், அடியில் ரப்பர் முத்திரை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பாப்பா பால் குடித்துவிட்டுத் தூங்குகிற நேரம். நீங்களும் மூன்று பெயர் எழுதி நீட்டுவீர்கள். நீட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மூன்று தடவை, கொஞ்சம் உரக்க, கூப்பிட்டுக் காட்டுங்கள். பாப்பா திரும்பிப் பார்க்க மாட்டாள், இன்னும் மாதம்கூட ஆகவில்லை. நான் என் மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை,
பாப்பாவின் ஆச்சி.